வெறுங்கால் ஓட்டம்: ராமநாதபுரம் கடற்கரையில் பாதத்தைப் பழக்கும் வழி

அரியமான் கடற்கரையில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு நின்று பார்த்தால் சவுக்கு மரத்தடியில் செருப்புகள் வரிசையாகக் கிடக்கும். காவலர் தேர்வுக்குத் தயாராகும் பையன்களுடையவை. 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ஷூ வாங்கக் காசில்லாமல் சிலர், மணலில் ஓட ஷூ எதற்கு என்று சிலர், யூடியூப் பார்த்துவிட்டு வெறுங்கால்தான் நல்லது என்று நம்பிச் சிலர். சில வருடங்களாக நானும் அவர்களோடு ஓடுகிறேன். புதிதாக வருகிற ஒவ்வொருவரும் கேட்பது இதைத்தான்: "அண்ணே, ஷூ வாங்கணுமா, வெறுங்காலே போதுமா?"

ஷூவைக் கழற்றினால் உடம்பில் விழும் பாரம் காணாமல் போகாது. இடம் மாறும். முழங்கால் சுமந்ததில் ஒரு பங்கு இறங்கி, கெண்டைக்காலுக்கும், அதைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாணுக்கும், பாதத்துச் சிறு எலும்புகளுக்கும் போகும். அந்த இடங்கள் அதைத் தாங்கப் பழகியிருக்கின்றனவா? எல்லாம் இந்தக் கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தம்பியால். கடலுக்குப் போகிற குடும்பம். சின்ன வயதிலிருந்து கரைவலை இழுத்த கால், உள்ளங்கால் முழுக்கக் காய்ப்பு. இவனுக்கெல்லாம் பழக்கமே வேண்டாம் என்று நினைத்து, முதல் நாளே மற்றவர்களோடு ஐந்து கிலோமீட்டர் ஓட விட்டேன். மூன்றாவது வாரம் புறங்காலில் வலி. கேட்டால், "வலி இல்லண்ணே, லேசா இழுக்குது" என்றான். நானும் விட்டுவிட்டேன். முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. இந்த வகை விரிசல் பல நேரம் இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் எக்ஸ்ரேயில் தெரியும். இரண்டாவது எக்ஸ்ரேயில் இரண்டாம் விரலுக்குப் பின்னால் இருக்கும் நீள எலும்பில் கோடு விழுந்திருந்தது. அந்த வருடத் தேர்வில் அவனால் ஓட முடியவில்லை. அவன் தோல் தயாராக இருந்தது. எலும்பு தயாராக இல்லை. நடக்கிற வெறுங்கால் வேறு, ஓடுகிற வெறுங்கால் வேறு. பழனிக்கும் திருச்செந்தூருக்கும் வெறுங்காலில் பாதயாத்திரை போகிறவர்களுக்கும் இதைச் சொல்லியாக வேண்டும். அந்த நடையை வைத்து ஓட்டத்தைக் கணக்குப் போடாதீர்கள்.

ஷூவைக் கழற்றினால் என்ன நடக்கிறது

வழக்கமான ஓட்ட ஷூவில் குதிகால் பக்கம் முன்பக்கத்தைவிட 8 முதல் 12 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கும். அடியில் மெத்தை வேறு. அதனால் காலை நீட்டி எறிந்து, குதிகாலை ஊன்றி ஓடினாலும் வலி தெரியாது. அதே ஓட்டத்தை வெறுங்காலில் தார்ச்சாலையில் ஓடிப் பாருங்கள், நாலாவது அடியிலேயே குதிகால் எச்சரிக்கும். உடம்பு தானாக எட்டை, அதாவது ஓர் அடியின் நீளத்தை, சுருக்கி, முன்பாதத்தையோ முழுப் பாதத்தையோ வைத்து இறங்கப் பார்க்கும்.

ஹார்வர்டைச் சேர்ந்த டேனியல் லீபர்மேன் குழு 2010இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அளந்து காட்டியது. வெறுங்காலில் ஓடிப் பழகிய கென்யர்கள் பெரும்பாலும் முன்பாதத்தில் இறங்கினார்கள். அப்படி இறங்கும்போது, குதிகால் ஊன்றுகிறவர்களிடம் வரும் திடீர் மோதல் ஏறக்குறைய இல்லை. வெறுங்கால் ஓட்டம் உலகம் முழுக்கப் பேச்சானதற்கு இந்த ஆய்வு ஒரு பெரிய காரணம். ஆனால் 2013இல் வடகென்யாவின் தாசனச் மக்களைப் பார்த்த இன்னொரு குழுவுக்கு வேறு விடை கிடைத்தது. அவர்களும் வெறுங்கால்காரர்கள்தான். தங்களுக்கு வசதியான வேகத்தில் ஓடியபோது பெரும்பாலானோர் குதிகாலைத்தான் ஊன்றினார்கள். ஆகவே ஷூவைக் கழற்றியதும் ஓட்டம் தானாகத் திருந்திவிடும் என்று நம்ப வேண்டாம். வேகமும் தரையும் பழக்கமும் சேர்ந்துதான் அதை முடிவு செய்கின்றன.

நன்மைகளைச் சொல்கிறேன். முழங்கால் சில்லில் விழும் அழுத்தம் குறைகிறது, அதனால் முன்முழங்கால் வலிக்காரர்கள் சிலருக்கு இது உதவும். பாதத்தின் சிறு தசைகள் வலுவாகின்றன. மினிமலிஸ்ட் ஷூவில், அதாவது மெத்தையில்லாத மெல்லிய ஷூவில், நடந்தாலே பாதப் பயிற்சி செய்த அளவுக்கு வலு கூடுகிறது என்று 2019இல் ஓர் ஆய்வு காட்டியது. ஷூ எடையில் 100 கிராம் குறைந்தால் ஓட்டத்துக்குச் செலவாகும் ஆக்சிஜன் சுமார் 1 சதவீதம் குறையும். காய்ப்பைப் பற்றியும் ஒரு நல்ல செய்தி உண்டு. காய்ப்பு எவ்வளவு தடித்தாலும் தரையை உணரும் திறன் குறைவதில்லை என்று 2019இல் கண்டார்கள். மெத்தை ஷூ அந்த உணர்வை மழுக்கும், காய்ப்பு மழுக்காது.

நம் பக்கத்துக்கு நெருக்கமான ஆய்வு ஒன்று 1992இல் வந்தது. தென்னிந்தியாவில் 2300 குழந்தைகளின் பாதத்தைப் பார்த்தார்கள். காலணி போடுகிறவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம், போடாதவர்களில் 2.8 சதவீதம். மூடிய ஷூ போட்டவர்களிடம் அது அதிகம், செருப்பு போட்டவர்களிடம் குறைவு. பிள்ளைகள் மணலில் வெறுங்காலில் விளையாடினால் திட்டாமல் விடுங்கள் என்று பெற்றோரிடம் நான் சொல்வது இதனால்தான்.

தீமைப் பக்கமும் இதே அளவு கனமானது. 2013இல் பழகிய ஓட்டக்காரர்கள் 36 பேரை எடுத்து, 19 பேருக்கு விரல் விரலாகப் பிரிந்த மெல்லிய ஷூவைக் கொடுத்து, 10 வாரம் மெதுவாக மாறச் சொன்னார்கள். எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தபோது அவர்களில் 10 பேருக்குப் பாத எலும்புக்குள் நீர்கோத்த அழுத்தக் குறி. பழைய ஷூவிலேயே ஓடிய 17 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி. அந்த ஷூவைச் செய்த வைப்ரம் நிறுவனம், உடல்நலம் பற்றிச் செய்த விளம்பரங்களுக்காகத் தொடுக்கப்பட்ட வழக்கை, தவறை ஒப்புக்கொள்ளாமல், 2014இல் 37.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்தது. வெறுங்காலில் ஓடினால் மொத்தத்தில் காயம் குறையும் என்று இதுவரை யாரும் உறுதியாக நிறுவவில்லை.

எத்தியோப்பியாவின் அபேபே பிகிலாவை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் வென்றவர். உண்மை. 1964இல் டோக்கியோவில் அவரே ஷூ போட்டு ஓடி, 2 மணி 12 நிமிடம் 11 விநாடியில் மறுபடி வென்றார். அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முதல் படி: உங்களுக்கு ஆகுமா என்று பாருங்கள்

சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெறுங்காலில் ஓடவே கூடாது. இதில் விதிவிலக்கு தேடாதீர்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருப்பது உங்களுக்கே தெரியாது. கண்ணாடி குத்தினாலும், மதிய மணல் சுட்டாலும் வீட்டுக்குப் போய்ச் சாக்கடைத் தண்ணீர் மாதிரி நீர் வடியும்போதுதான் தெரியும். ரத்த ஓட்டம் குறைந்தவர்கள், குதிகாலிலோ குதிநாணிலோ இப்போது வலி உள்ளவர்கள், ஆறு மாதத்துக்குள் பாத எலும்பு விரிசல் கண்டவர்களும் காத்திருங்கள். ஆழமான பித்தவெடிப்பு இருந்தால் அதை ஆற்றிவிட்டு வாருங்கள். உடல் எடை கூடுதலாக இருந்தால் மெல்லிய ஷூவில் காயம் கூடுகிறது. எடை குறையும் வரை நடை போதும்.

மற்றவர்களுக்கு மூன்று சோதனை. ஒற்றைக் காலில் 30 விநாடி ஆடாமல் நில்லுங்கள். அதே ஒற்றைக் காலில் குதியைத் தூக்கி இறக்குங்கள், நிறுத்தாமல் 20 முறை. மூன்றாவது, குதிகால் தரையை விட்டு எழாமல் குந்த வைத்து உட்காருங்கள். நம் ஊரில் மூன்றாவது பலருக்குச் சுலபம். தடுமாற்றம் இரண்டாவதில்தான் வரும். இருபது வரவில்லையென்றால் அது வரும் வரை ஓட்டம் வேண்டாம்.

இரண்டாம் படி: தரையைத் தேர்ந்தெடுங்கள்

இந்தக் கரையில் ஓடுவதற்குப் பாதி வேலை இதுதான். மண்டபம், பாம்பன், தனுஷ்கோடி என்று நமக்கு இரண்டு பக்கமும் கடல். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளித்துக் கரையை அரிக்கும். அப்போது வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று திரும்பியதும் தலைகீழ். எந்தக் கடல் அமைதியாக இருக்கிறதோ அந்தக் கரைக்குப் போங்கள். கச்சானில் தனுஷ்கோடிப் பக்கம் ஓடினால் மணல் முகத்தில் ஊசியாக அடிக்கும், அரை மணி நேரம்கூடத் தாங்காது.

சரி, கரையில் எந்த இடம்? அலை நனைத்துவிட்டுப் போன கெட்டி மணல் பட்டை. கால் வைத்தால் தடம் பதிய வேண்டும், புதையக் கூடாது. அதற்கு மேலே காய்ந்த பொடி மணலில் ஓடுவது கெட்டித் தரையில் ஓடுவதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் சக்தி கேட்கும். கணுக்காலும் குதிநாணும் ஒவ்வொரு அடியிலும் தோண்டி எழ வேண்டும். பயிற்சிக்கு நல்லது, ஆனால் பழகின பிறகு. பொடி மணலுக்கு இன்னொரு குறையும் உண்டு: அது தப்பை மறைத்துவிடும். குதிகாலை அடித்து ஓடினாலும் வலிக்காது. அதனால் பையன்களை வாரத்தில் ஒரு நாள் கெட்டித் தரையிலும் ஐந்து நிமிடம் வெறுங்காலில் ஓட விடுகிறேன். ராமநாதபுரத்துக்காரர்களுக்குச் சீதக்காதி சேதுபதி விளையாட்டு அரங்கம் இருக்கிறது. தார்ச்சாலையென்றால் சூரியன் ஏறுவதற்கு முன்னால் மட்டும்.

ஈர மணல் பட்டை கடலைப் பார்த்துச் சரிந்திருக்கும். ஒரே திசையில் மூன்று கிலோமீட்டர் போனால் ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலும் ஓடுகிறது. இடுப்பும் முழங்காலும் அதற்கான விலையைக் கொடுக்கும். 400 மீட்டர் போய் 400 மீட்டர் திரும்புங்கள்.

இனி, காலுக்குக் காத்திருப்பவை. கருவேல முள்தான் முதல் எதிரி. சீமைக்கருவேலம் இல்லாத பாதை இந்த மாவட்டத்தில் எங்கே இருக்கிறது? வீட்டிலிருந்து கடல் வரை செருப்போடு வாருங்கள், அலையடியில் கழற்றுங்கள். மணல்மேட்டில் ராவணன் மீசைப் புல் இருக்கும், அதன் நுனி குத்தினால் எரியும். மீன் இறங்கும் துறைகளுக்குப் பக்கத்தில் கெளுத்தி முள், காய்ந்த பேத்தை மீன், தூண்டில், நைலான் வலைத்துண்டு எல்லாம் கிடக்கும். கரைவலை இழுக்கும் இடத்தில் ஓடவே வேண்டாம், அவர்கள் வேலைக்கும் இடைஞ்சல். தேவிபட்டினம், திருப்பாலைக்குடி பக்கத்துச் சேற்றில் உடைந்த சிப்பி கண்ணுக்குத் தெரியாது. வடகடலின் ஆழமில்லாத தண்ணீரில் தெறிக்கத் தெறிக்க ஓடும் ஆசை எல்லோருக்கும் வரும். சேற்றுக்குள் திருக்கை புதைந்து கிடக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

நாய்கள் படுக்கும் நிழல் மணலையும் தவிர்த்துவிடுங்கள். கொக்கிப்புழுவின் குட்டிகள் ஈரமான அசுத்த மண்ணில் காத்திருந்து பாதத் தோல் வழியாக நுழையும். நாய்க்குடலில் வாழும் வகை தோலுக்கு அடியிலேயே நெளிந்து, அரிக்கும் சிவப்புக் கோடு போடும். அலை கழுவும் பட்டையில் இந்த ஆபத்து மிகக் குறைவு.

முதல் சுற்று எப்போதும் நடை. அன்றைக்கு ஓடப் போகும் 400 மீட்டரை நடந்து பார்த்து, கிடப்பதைப் பொறுக்கி ஓரம் போடுங்கள். தை முதல் பங்குனி வரை, பங்குனி ஆமை என்ற கடலாமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். அப்போது இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு ஓடாதீர்கள், விடியட்டும்.

மண்டபம், பாம்பன் பக்கம் தீவுகளுக்குக் கடல்பாசி எடுக்கப் போகும் அக்காமார்களைப் பாருங்கள். விரலில் துணி சுற்றி, காலில் ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டுதான் பாறை மேல் இறங்குகிறார்கள். வாழ்நாள் முழுக்க இந்தக் கரையில் வெறுங்காலில் நடந்தவர்கள் அவர்கள். எந்தத் தரையில் காலை மூட வேண்டும் என்று அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை.

மூன்றாம் படி: வாரக் கணக்கு

முதல் இரண்டு வாரம் வெறுங்கால் ஓட்டமே கிடையாது. ஈர மணலில் 20 முதல் 30 நிமிட நடை, தினமும். வீட்டில் குதி தூக்கும் பயிற்சி 15 முறை வீதம் மூன்று தடவை. அப்புறம் விரல்களை மடக்காமல் உள்ளங்கால் வளைவை மட்டும் சுருக்கிப் பத்து விநாடி பிடிப்பது. பல் விளக்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள்.

மூன்றாவது, நான்காவது வாரம்: ஒரு நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி ஐந்து முறை. வாரத்துக்கு மூன்று நாள்தான், இடையில் ஒரு நாள் கட்டாயம் விட வேண்டும். மற்ற ஓட்டத்தை வழக்கமான ஷூவிலேயே ஓடுங்கள். தேர்வுக்குத் தயாராகிறவர்கள் அந்தப் பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லை.

ஐந்து முதல் எட்டு வாரம் வரை வெறுங்கால் பங்கை வாரத்துக்கு மூன்று நான்கு நிமிடம் வீதம் கூட்டுங்கள். மறுநாள் காலையில் கெண்டைக்கால் இறுகியிருந்தால் அந்த வாரம் கூட்டாதீர்கள், போன வாரத்தையே திரும்ப ஓடுங்கள். பன்னிரண்டாவது வாரத்தில் மொத்த ஓட்டத்தில் நான்கில் ஒரு பங்கு வெறுங்காலில் வந்தால் போதும். பெரும்பாலானோருக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை என்பது என் கருத்து. தசை சில வாரத்தில் வலுவாகிவிடும், எலும்பு மாதக்கணக்கில்தான் கெட்டிப்படும். "நல்லா இருக்குண்ணே, இன்னும் ரெண்டு ரவுண்டு போறேன்" என்று பையன்கள் கேட்பது சரியாக ஐந்தாவது ஆறாவது வாரத்தில். தசை தயாராகி, எலும்பு இன்னும் தயாராகாத நேரம் அது. அந்தத் தம்பிக்குப் பிறகு நான் யாருக்கும் இதில் விட்டுக்கொடுப்பதில்லை.

தேர்வுக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறதென்றால் இதைத் தொடங்கவே வேண்டாம். இருக்கிற ஷூவில் ஓடுங்கள், தேர்வு முடிந்து வாருங்கள்.

நான்காம் படி: ஓடும் விதம்

எட்டைச் சுருக்குங்கள், அடிகளைக் கூட்டுங்கள். ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று எண்ணிப் பார்த்து, அதே வேகத்தில் ஐந்து சதவீதம் கூட்டினால் போதும். 160 என்றால் 168. கால் உடம்புக்கு நேர் கீழே இறங்க வேண்டும். முன்பாதம் தொட்ட பிறகு குதிகாலும் மெல்லத் தரையைத் தொடட்டும். நாட்டியம் ஆடுவது போல் நுனிக்காலிலேயே நின்று ஓடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. குதிநாண் வீங்குவது அதனால்தான்.

ஈர மணல் உங்கள் நோட்டுப் புத்தகம். திரும்பி வந்து தடத்தைப் பாருங்கள். குதிகால் பள்ளம் ஆழமாக இருந்தால் காலை எறிகிறீர்கள். பெருவிரலுக்குப் பின்னால் மணல் தோண்டித் தெறித்திருந்தால் தள்ளி உந்துகிறீர்கள், கொப்புளம் வரும். பாதம் முழுக்கச் சமமாகப் பதிந்து, விளிம்பு கலையாத தடம்தான் நமக்கு வேண்டும்.

ஐந்தாம் படி: மினிமலிஸ்ட் ஷூ வாங்குவதாக இருந்தால்

குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உயர வித்தியாசம் 0 முதல் 4 மில்லிமீட்டருக்குள், விரல்கள் விரிய இடம், கையால் சுருட்டினால் வளையும் அடிப்பாகம். இந்த மூன்றும் இருந்தால் விலை எதுவானாலும் சரி. முள்ளும் சூடும் உள்ள தரைக்கு இதுவே நல்ல வழி. ஆனால் ஒரு எச்சரிக்கை. வெறுங்காலில் அளவு மீறினால் தோல் எரிந்து நம்மை நிறுத்திவிடும். மெல்லிய ஷூ அந்த எச்சரிக்கையை மறைத்துவிடும், எலும்பின் வேலை மட்டும் அப்படியே இருக்கும். அதனால் மேலே சொன்ன வாரக் கணக்கை ஷூவுக்கும் ஒரு நிமிடம்கூடக் குறைக்காமல் வையுங்கள். ஹவாய் செருப்பில் ஓடாதீர்கள். வாரைப் பிடிக்க விரல்கள் மடங்கியே இருக்கும்.

ஆறாம் படி: வலியைப் படிப்பது

கெண்டைக்கால் முழுவதும் பரவலாக, இரண்டு நாளில் அடங்கும் வலி பயிற்சியின் வலி. அதைப் பொறுத்துக்கொள்ளலாம். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் குத்தினால் ஓட்டத்தைப் பாதியாகக் குறையுங்கள். குதிநாணைக் கிள்ளிப் பார்த்து வலித்தால் ஒரு வாரம் நடை மட்டும். புறங்காலில் ஒரே புள்ளியை விரலால் அழுத்தினால் சுருக்கென்று வலிக்கிறதா? ஒற்றைக் காலில் குதித்தால் அங்கேயே வலிக்கிறதா? அன்றோடு நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் போங்கள். எக்ஸ்ரே சுத்தமாக வந்தாலும் வலி இருக்கும் வரை ஓடக் கூடாது.

ஓடி முடித்த பின்

நல்ல தண்ணீரில் கழுவி, விரலிடுக்கைத் துடையுங்கள். உப்பும் ஈரமும் தங்கினால் சேற்றுப்புண் வரும். வெளிச்சத்தில் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள், தெரியாவிட்டால் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். தேங்காய் எண்ணெய் தடவினால் காய்ப்பு வெடிக்காது. அழுக்கான இடத்தில் வெட்டுப்பட்டு, கடைசி டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டு ஐந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் அன்றே போட்டுக்கொள்ளுங்கள். திருக்கையோ கெளுத்தியோ குத்தினால், பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் காலை வைத்தால் வலி தணியும், பிறகு மருத்துவமனை. கருவேல முள்ளின் நுனி உள்ளே ஒடிந்துவிட்டால் ஊக்கை வைத்துத் தோண்டாதீர்கள். மூட்டுப் பக்கத்தில் தங்கினால் வாரங்கள் கழித்துக்கூட வீங்கும். இப்போது எங்கள் கூட்டத்தில் முள் எடுக்கும் இடுக்கி அந்தத் தம்பியின் பையில்தான் இருக்கிறது. புதிதாக வருகிறவர்களின் நிமிடங்களை நோட்டில் எழுதுவதும் அவன்தான்.